பூங்காவனம் கவலையால் சாகவில்லை

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருத்துவமனையில் ஊசி போடாதவர்களும் மருந்து எழுதாதவர்களும் கத்தியைத் தொடாதவர்களும் நாம் மட்டும்தான். கதவில் 'மரபணு ஆலோசகர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இங்கே ஜாதகம் பார்ப்பீர்களா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று கேட்கிறோம். அதைப் படமாக வரைகிறோம். பரிசோதனை முடிவு வந்தால் உட்கார வைத்துச் சொல்கிறோம். கேட்பது, வரைவது, சொல்வது, இவ்வளவுதான் வேலை. இந்த மூன்றிலும் நான் தப்புச் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசியவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்திலிருந்து வந்தவர் கலைச்செல்வி. பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுங்கள் என்று எனக்கு அனுமதி கொடுத்ததே அவர்தான். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. அங்கன்வாடியில் வேலை, எட்டு வயதில் ஒரு பையன், இடது மார்பில் புற்று. அறுவை மருத்துவர் என்னிடம் அனுப்பினார்.

அன்று திங்கட்கிழமை. வெளியே நல்ல கூட்டம். அம்மாவுக்கு இந்த நோய் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அம்மாவின் அம்மாவுக்கு? இல்லை. பெரியம்மா, சித்தி? யாருக்கும் இல்லை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு என்று வரைவோமே, அந்தப் படத்தில் கலையைத் தவிர யாரையும் கறுப்பாக்க வேண்டியிருக்கவில்லை. 'குடும்பத்தில் நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தே நிமிடம். வேகமாக முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்த நாளில் மரபணுப் பரிசோதனையை எல்லாருக்கும் செய்ய மாட்டோம். நான் எழுதிய அந்த ஒரு வரியால் கலைக்கு அது வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

பத்து நாள் கழித்து, கீழே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஏதோ காகிதம் தேடி என் அறைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். குழாய்களில் சீட்டு ஒட்டுவதும் பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை. மேசையில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"மேடம், இந்தப் பொண்ணுக்கு அப்பா இருக்காரா?"

"ஏன், கட்டம் போட்டிருக்கேனே."

"கட்டம் மட்டும்தான் இருக்கு. அவுருக்கு மேல யாருமில்ல, பக்கத்துல யாருமில்ல. வானத்துலேர்ந்து குதிச்சாரா?"

கோபம் வந்தது. உங்களுக்கு இருக்கிற வேலையைப் பாருங்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது டப்பாவைத் திறக்காமல் அந்தப் படத்தையே எடுத்து வைத்துப் பார்த்தேன். மார்பு என்றதும் அம்மா பக்கம் மட்டும் கேட்கும் பழக்கம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. படித்துவிட்டு வந்த எனக்கும் இருந்திருக்கிறது. மரபணுவுக்கு அம்மா அப்பா என்ற பாகுபாடு கிடையாது. பாதி அங்கிருந்தும் பாதி இங்கிருந்தும் வருகிறது. நான் வரைந்ததோ அரைக் குடும்பம். சாப்பிடாமலே கீழே இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், சாப்ட்டீங்களா?" என்றார். என் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதல் இடம் அவருக்குத்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

கலை இரண்டாவது தவணை மருந்துக்கு வந்தபோது என் அறைக்குக் கூப்பிட்டேன். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"கலை, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க அப்பா பக்கம் கேக்கவே இல்ல. இப்ப கேக்குறேன்."

அவர் துண்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டார். "நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அதற்குள் ஓய்ந்து போயிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. பூங்காவனம். கிள்ளைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் ராஜ்குமாருக்குக் கலையைப் பெண் கேட்டு வந்தார்கள். அத்தை மகன், முறை மாப்பிள்ளை. அதில் பேச்சே இல்லை என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். கலை அப்போது கல்லூரியில் கூடப் படித்த ஒருவரை விரும்பியிருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் அத்தை இறந்துபோனார்.

"வயிறு வீங்கி செத்தாங்க. கவலைதான் உள்ளயே கட்டியாயிடுச்சின்னு சொன்னாங்க. சாவுக்குப் போன எங்கப்பாவ வாசல்லயே நிறுத்தி, ஒம் பொண்ணாலதான் எங்கம்மா போச்சின்னு சொல்லிட்டாங்க. அப்புறம் போக்குவரத்தே இல்ல. பதினாலு வருசம் ஆச்சி."

அவர் அழவில்லை. அழுதழுது முடித்துவிட்ட குரல் அது. நான் படத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். நாற்பத்துநான்கு வயதில் வயிறு வீங்கி இறந்த அத்தை. அந்த வட்டம் என் படத்தில் இல்லவே இல்லை.

அன்றே பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்தது: பிஆர்சிஏ டூ, மார்பிலும் சினைப்பையிலும் புற்று வர வழிவிடும் மரபணுக் குறை. அம்மா அப்பா இருவர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தோம். அந்தக் குறை அப்பாவிடம் இருந்தது.

கலையின் அப்பா தங்கவேலுவுக்கு அறுபத்திரண்டு வயது. சொந்தப் போட்டில் கடலுக்குப் போகிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் தயாராக வைத்திருந்த விளக்கத்தை ஆரம்பித்தேன். உடம்பில் செல்கள் கண்டபடி பெருகாமல் பிடித்து வைக்கும் புரதங்கள் உண்டு, வண்டிக்கு பிரேக் மாதிரி என்றேன். வண்டி ஓடுகிறது, பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"போட்டுக்கு ஏதும்மா பிரேக்கு?" என்றார்.

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். என் பிரேக் அங்கேயே நின்றுவிட்டது. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். செல்லுக்குள் இருக்கும் நூலில் தினமும் அறுபடல்கள் வரும். அதை ஒட்டிச் சரிசெய்ய ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் குறிப்பு நமக்கு இரண்டு பிரதி. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. உங்களுக்கும் கலைக்கும் ஒரு பிரதியில் பிழை இருக்கிறது. மற்றதை வைத்து உடம்பு சமாளிக்கும். ஏதாவது ஒரு செல்லில் அந்த மற்றதும் கெட்டுப்போனால் அங்கே சரிசெய்ய ஆளில்லை. பிழை மேல் பிழை சேர்ந்து கட்டியாகும்.

அவர் யோசித்தார். "பழைய மர போட்டுல எப்பவும் தண்ணி ஊறும். ரெண்டு பேரு எறைப்போம். ஒருத்தன் மொதல்லேர்ந்தே வரலன்னா, இன்னொருத்தன் தனியா எறச்சிக்கினே இருக்கணும். அவன் கண்ணசந்தா போட்டு உள்ள போயிடும். அதானே சொல்றீங்க?"

அதைத்தான் சொன்னேன். அதைவிட நன்றாக நான் இதுவரை சொன்னதில்லை.

"அப்ப எனக்கு ஏன் வரல?"

"ஆம்பளைக்கு இது கம்மி. ஆனா வரவே வராதுன்னு இல்ல. நீங்களும் வருசா வருசம் காட்டிக்கணும்."

தலையாட்டினார். பிறகு மெதுவாக, "நாந்தான் எம் பொண்ணுக்குக் குடுத்தனா?" என்றார்.

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். அவசரப்பட்டு இல்லை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது, ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறோம் என்று புரிந்துவிடும். "உங்க வழியா வந்துச்சு. உங்களுக்கு வேற ஒருத்தர் வழியா வந்துச்சு. எதைக் குடுக்குறதுன்னு யாரும் எடுத்துக் குடுக்குறதில்ல" என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒருத்தர் வழியான்னா... எங்கப்பனோ ஆத்தாவோ. அப்படின்னா பூங்காவனத்துக்கும் வந்துருக்கும்."

"இருக்கலாம்."

"அப்ப அவ கவலையில சாவலியா?"

என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் தெரியாது என்று சொன்னேன். ஆனால் அவர் முகத்தில் பதினான்கு வருடப் பாரம் கொஞ்சம் நகர்ந்ததைப் பார்த்தேன்.

அடுத்த நாள் முழுக்க எனக்கு ஒரே எண்ணம். பூங்காவனத்தின் மகனும் மகளும் இப்போது சிதம்பரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடமும் இந்தக் குறை இருக்கலாம். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சீட்டு ஒட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நீங்க போன் பண்ணா ஆஸ்பத்திரி கூப்புடுதுன்னு பயப்படுவாங்க மேடம். அவுரு போனா மாமா வந்துருக்காருன்னு ஆவும்" என்றார். முறைப்படியும் அதுதான் சரி. கலையும் தங்கவேலுவும் சொல்லாமல் அவர்கள் விஷயத்தை நான் யாரிடமும் எடுத்துப் போகக் கூடாது. எண்ணைக் கிழித்துப் போட்டேன்.

தங்கவேலுவிடம் கேட்டேன். போகிறேன் என்றார். "ஆனா நீங்க கூட வரணும். நா தனியாப் போனா கதவ சாத்துவாங்க."

சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனோம். தங்கவேலுவுக்கு மடிப்புக் கலையாத வேட்டி, மடியில் பனிக்கட்டி போட்ட பையில் வஞ்சிரம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ராஜ்குமார் அங்கே மேல வீதிக்குப் பின்னால் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மாடியில் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி தேவி. சண்டைக்குப் பிறகு கல்யாணமாகி வந்தவர். தங்கவேலுவைப் பார்த்ததே இல்லை.

"யாரு வேணும்?"

"ராஜ்குமாரோட மாமா."

"எந்த மாமா?"

அவர் மீன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "கடலூரு மாமா" என்றார் கடைசியில். தேவி ஒரு கணம் பார்த்துவிட்டு, உள்ளே வாங்க என்றார். ராஜ்குமாரின் தங்கை மலர்விழி உள்ளே இருந்தார். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர். மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டார். ராஜ்குமார் கீழேயிருந்து ஏறி வந்தார். அவர் உட்காரவே இல்லை.

"என்னா விஷயம்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "கலைக்கு கேன்சரு" என்றார் தங்கவேலு.

மலர்விழி ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். நான் வாயைத் திறந்தேன். மரபணு, பரம்பரை, உங்கள் அம்மாவுக்கும் இருந்திருக்கலாம் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். ராஜ்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கம்மாவுக்கு கேன்சர்னு எனக்குத் தெரியும். அது எதனால வந்துச்சின்னும் தெரியும். இப்ப வந்து சயின்ஸ் பேசுறீங்களா?"

என் பையில் அச்சிட்ட விளக்கப் படங்கள் இருந்தன. கை அதற்குப் போயிற்று. அப்படியே நிறுத்திக்கொண்டேன். கோபத்தில் இருக்கிறவருக்குப் படம் காட்டினால், நாம் சரி, நீ தப்பு என்று காட்டுவது போலத்தான் ஆகும். "அம்மாவோட பழைய ரிப்போர்ட்டு ஏதாவது இருக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

மலர் உள்ளே போய்ப் பீரோவின் மேலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்து வந்தார். சீட்டுகள், ஸ்கேன் படங்கள், மருந்துச் சிட்டைகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சினைப்பையில் தொடங்கி வயிறு முழுக்கப் பரவிய புற்று என்று ஒரு தாளில் தெளிவாக இருந்தது. படித்துச் சொன்னேன். கவலையால் இது வருவதில்லை என்றும் சொன்னேன். ராஜ்குமார் முகம் மாறவில்லை.

மலர்தான் அடியில் இருந்த ஒரு சிறிய சீட்டை எடுத்தார். வயிறு உப்புசம், பசியில்லை என்று உள்ளூர் மருத்துவர் எழுதிக்கொடுத்தது. தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணா, இது பொங்கலுக்கு முன்னாடி போட்டது."

"அதுக்கு?"

"பொண்ணு கேக்கப் போனது சித்திரையில."

ராஜ்குமார் சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தங்கவேலு எழுந்தார். "எனக்கும் அது இருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் இருக்கா இல்லியான்னு பாத்துக்கங்க. அத சொல்லத்தான் வந்தன். வரேன்" என்றார்.

"எங்க வரீங்க?" என்றார் தேவி. "இவ்ளோ மீனக் கொண்டாந்து வச்சிட்டுப் போனா யாரு ஆயறது? உக்காருங்க, சாப்ட்டுத்தான் போவணும்."

சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன், வேலை நேரத்தில் நோயாளி வீட்டில் சாப்பிடக் கூடாது என்ற விதியை அன்று மீறினேன், வருத்தமில்லை. ராஜ்குமார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு மாமாவிடம் எண் கேட்டு வாங்கிக் கலைக்குப் போன் போட்டார்.

"கலை, நாந்தான். மொட்டையடிச்சிட்டியாமே."

"நா எங்க அடிச்சன்? தானா கொட்டிடுச்சி மாமா" என்றது எதிர்க்குரல். அந்த 'மாமா'வைக் கேட்டதும் ராஜ்குமார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மலர் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் ராஜ்குமாரும் மலரும் கடலூரில் நம் மருத்துவமனைக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வாங்க வந்த நாளில் வராந்தாவில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம்: மலர், ராஜ்குமார், தேவி, தங்கவேலு, மருந்தெல்லாம் முடிந்து அரை அங்குல முடியோடு கலை. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். இரண்டு உறைகள் என் மேசையில் இருந்தன. ஒன்றில் இல்லை, ஒன்றில் உண்டு. முடியாது, ஒவ்வொருவராக வாருங்கள் என்றேன்.

"எங்க வீட்ல ரகசியம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றார் ராஜ்குமார்.

"உங்க முடிவ நீங்க கேட்டப்புறம் அதச் சொல்லுங்க" என்றேன். "துணைக்கு ஒருத்தரக் கூட்டிக்கலாம்."

மலர் எழுந்து, "மாமா, நீ வா" என்றார்.

உள்ளே வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். உங்களுக்கு அது இல்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உறையை எடுத்து அதன் மூலையை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா போனபோது அவருக்குப் பதினெட்டு வயது.

"அம்மாகிட்டேருந்து எனக்கு ஒண்ணுமே வரலியா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கவேலு சொன்னார்: "கண்ணாடிய எடுத்துப் பாரு. அந்த மூக்கு யாருது? அன்னிக்கி மேல வீதியில நீ முன்னால நடந்தப்ப பின்னாலேர்ந்து பாத்தா எந் தங்கச்சிதான். கோவமும் அவ கோவந்தான்."

மலர் அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்தது ராஜ்குமார். தேவியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். "கலை வரட்டும். அதுக்குத்தான் இதப்பத்தித் தெரியும்" என்றார். தேவியும், "கூட்டிட்டுப் போ. நா வந்தா அழுதுடுவன்" என்றார்.

அவரிடம் இருந்தது. சொன்னேன். கலை அவர் தோளில் கை வைத்தார். ராஜ்குமார் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றி இல்லை.

"எம் பொண்ணுக்கு ஆறு வயசு. அதுக்கும் இப்பவே பாத்துடலாமா?"

"வேணாம். சின்ன வயசுல இது ஒண்ணும் பண்ணாது. அவ வளந்து, தெரிஞ்சிக்கணும்னு அவளே சொல்லட்டும்."

யோசித்துத் தலையாட்டினார். பிறகு, "ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. கலைக்கும் இது இருக்கு, எனக்கும் இருக்கு. அப்ப நாங்க ரெண்டு பேரும் கட்டியிருந்தா?"

உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் கெட்ட பிரதியே வந்திருந்தால், அந்தப் புரதமே இல்லாமல் பிறந்திருக்கும். சிறு வயதிலேயே ரத்தம் ஊறாத கடுமையான நோய் வந்திருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது. நாலில் ஒரு வாய்ப்பு.

ராஜ்குமார் கலையைத் திரும்பிப் பார்த்தார். "பதினாலு வருசமா ஒன்னத் திட்டிட்டிருந்தன்."

"தெரியும். எனக்கு விக்கல் எடுத்துக்கிட்டே இருக்கும்" என்றார் கலை.

முதலில் கலைதான் சிரித்தார். அப்புறம் அவர். இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கெட்ட முடிவைச் சொன்ன அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

கதவைத் திறந்தபோது தேவி முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "நல்ல ரிசல்ட்டுதானே?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவர் அவர் கணவர். ராஜ்குமார் மனைவியைத் தனியாக வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போனார். இருவரும் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தேவி ஒரு தடவை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"வருசத்துக்கு ஒருக்கா கடலூரு வந்து காட்டணுமா?"

"ஆமாம். தவறாம வரணும்."

"அப்ப பாப்பாவுக்கு ஸ்கூலு லீவு உடுற மாசமாப் போட்டுக் குடுங்க. கலை பையனோட நாலு நாளு வெளயாடிட்டு வரட்டும். அது அவுங்கள யாரையும் பாத்ததே இல்ல."

"மே மாசம் போடுங்க" என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கவேலு. "அப்ப தடைக்காலம். கடலுக்குப் போவ முடியாது. நானும் வீட்லதான் இருப்பன்."

அட்டையில் 'மே' என்று எழுதிக் கொடுத்தேன்.